கட்சி எடுத்துக்கொண்ட கோழி

மரைன் ஹில்,
போர்ட் பிளேர்,
19 ஆகஸ்ட் 2010.

பெருமதிப்பிற்குரிய அத்தான் பழனிசாமி அவர்களுக்கு,

மைத்துனன் நாகலிங்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அமிர்தவல்லியும் உடலளவில் சுகம். மனதளவில் அவள் மட்டும் சுகம். ரங்கத் ஊரில் தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்றும், அக்காவின் முழங்கால் இந்த மழைக்குத் தாக்குப்பிடிக்கிறது என்றும், போன மாதம் நான் பஸ்காரரிடம் கொடுத்தனுப்பிய தைலம் தங்கள் கைக்கு வந்து சேர்ந்தது என்றும் நம்புகிறேன். வந்து சேர்ந்ததாக ஒரு வார்த்தை தாங்கள் சொல்லவில்லை. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஞாபகம் மட்டும் வைத்திருக்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் எந்தத் துயரத்தைச் சொன்னாலும் தாங்கள் பாதியில் சிரித்துவிடுகிறீர்கள். என் டியூஷன் சென்டரின் கூரைத் தகடு காற்றில் பறந்து பக்கத்து வீட்டு ரெங்கம்மாவின் கோழிக்கூண்டின்மேல் உட்கார்ந்ததைச் சொன்னபோதும் சிரித்தீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. அதற்காகத்தான் இந்தக் காகிதச் செலவு.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் கோழி பறிபோய்விட்டது.

எந்தக் கோழி என்று தங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அக்காவே தங்களிடம் சொல்லியிருப்பாள். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறியபோது அம்மா முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாளே, அந்தச் சாம்பல் நிறக் கோழி. ராமேஸ்வரத்தில் இறங்கிச் சுங்க அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றபோது அது கொக்கரித்துவிட்டது. நான் சின்னப் பயல். சட்டென்று, சத்தம் போட்டது நான்தான் என்று காட்டுவதற்காகக் கொக்கரிக்க ஆரம்பித்து, மேசையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ரயிலடி வரைக்கும் கொக்கரித்துக்கொண்டே போனேன். அதிகாரி அம்மாவிடம், “பையனுக்கு என்னம்மா?” என்று கேட்டார். அம்மா கண் இமைக்காமல், “பொறந்ததிலேர்ந்தே இப்படித்தாங்க ஐயா” என்றாள். அவர் மனம் இளகி எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். மண்டபம் முகாமில் அந்தக் கோழி இட்ட முதல் முட்டையை அம்மா எனக்கு மட்டும் அவித்துக் கொடுத்தாள். அக்கா அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

அத்தான், யோசித்துப் பாருங்கள். நான் எம்.ஏ. படித்தவன். எழுதிய புத்தகம் அச்சாகவில்லை; கேட்ட வேலை கிடைக்கவில்லை; கட்சியில் மூன்று தடவை சீட் கேட்டு மூன்று தடவையும் “அடுத்த முறை பார்க்கலாம் தோழர்” என்ற பதிலையே பெற்றவன். இவ்வளவு நீண்ட வாழ்க்கையில் நான் கதாநாயகனாக வருவது அந்தச் சுங்க மேசைக்கும் ரயிலடிக்கும் நடுவில் மட்டும்தான். அதைத்தான் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

நான் இருக்கிற தீவு உழைப்பாளர் கட்சியைத் தாங்கள் அறிவீர்கள். அது இரண்டாக உடைந்து, மற்றப் பாதி தீவு உழைப்பாளர் கட்சி (புனரமைப்பு) என்று பெயர் வைத்துக்கொண்டதும் தெரியும். ஏன் உடைந்தது என்பது மட்டும் இப்போது இரண்டு பாதிக்கும் ஞாபகமில்லை. ஃபீனிக்ஸ் பேயில் இரண்டு கட்சிக்கும் ஒரே கட்டடம். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. கழிப்பறை அவர்கள் பக்கம், தண்ணீர்த் தொட்டி எங்கள் பக்கம். இந்த ஏற்பாட்டினால்தான் இடதுசாரி ஒற்றுமை இன்னும் உயிரோடு இருக்கிறது.

நகராட்சித் தேர்தல் வருகிறது. எங்கள் வார்டில் கட்சி நிறுத்தியிருப்பது என்னை அல்ல, சுதாகரை. காண்ட்ராக்டர் மகன். ஊட்டியில் ஹாஸ்டலில் படித்து, பெங்களூரில் புரட்சியைக் கேள்விப்பட்டு, கதர்க் குர்தாவோடு திரும்பி வந்தவர். புனரமைப்பில் நிற்பவர் உதயசூரியன். துறைமுகத் தொழிற்சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து இங்குள்ள கேபிள் டிவி ஒரு விவாதம் நடத்தியது. இருவருமே தாளைப் பார்த்துப் படித்தார்கள். “மரைன் ஹில் குழாயில் தண்ணீர் எப்போது வரும்?” என்று ஒரு பெண்மணி போனில் கேட்டார். உதயசூரியன் பதிலைச் சர்வதேச நிலைமையிலிருந்து தொடங்கினார்; லத்தீன் அமெரிக்காவைத் தாண்டுவதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. எங்கள் சுதாகர் உள்நாட்டு நிலைமையிலிருந்துதான் தொடங்கினார். ஆனால் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டதால், நிலச்சீர்திருத்தத்திலிருந்து நேராக “நன்றி, வணக்கம்” என்று போய்விட்டார். அந்த உரை நான் எழுதியது. நல்ல உரை. ஒட்டிக்கொண்ட பக்கத்தில்தான் தண்ணீர் இருந்தது.

தோல்விக்குக் காரணம் யார்? சுதாகரா, பக்கத்தை ஒட்டவைத்த மழை ஈரமா? இல்லை. “தோழர் நாகலிங்கத்தின் ஏட்டு நடை” என்று எழுதிவைத்தார் எங்கள் செயலாளர் சொக்கலிங்கம். அதையும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

உடனே மெயின்லேண்டிலிருந்து ஒரு மேலிடப் பார்வையாளர் விமானத்தில் வந்து இறங்கினார். “தோழர்களே, மக்கள் இப்போ நிஜமான மனுஷனைப் பார்க்க விரும்புறாங்க. தாளைத் தூக்கிப் போடுங்க. நெஞ்சிலேர்ந்து பேசுங்க” என்றார். இதை அவர் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். படித்து முடித்து, கடற்கரையைப் பார்த்துவிட்டு, மறுநாள் விமானத்தில் போய்விட்டார்.

வேறு கட்சியாக இருந்தால் வேட்பாளர் நெஞ்சிலிருந்து ஏதாவது பேசித் தொலைத்திருப்பார். எங்கள் கட்சியில் அப்படி முடியாது. நெஞ்சிலிருந்து பேசுவதென்றால், நெஞ்சில் என்ன இருக்க வேண்டும் என்று முதலில் கமிட்டி கூடி முடிவு செய்ய வேண்டும். கூடினோம். வேட்பாளர் இயல்பாகப் பேசுவது என்ற தீர்மானம் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. எந்த இயல்பு என்பதை வரையறுக்க ஒரு உபகுழு போட்டார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அமைப்பாளர் நான்.

முதல் வேலை, சுதாகரின் வாழ்க்கையில் ஒரு கஷ்டத்தைக் கண்டுபிடிப்பது. அவர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார்.

“ஹாஸ்டல்ல ஒரு தடவை கீஸர் ரிப்பேர் ஆயிடுச்சு, தோழர்.”

“வேற?”

“அதான் தோழர், ஒரு வாரம் ரிப்பேர்.”

யாரோ சுனாமி என்றார்கள். சொக்கலிங்கம் தலையை ஆட்டினார். “சுனாமி எல்லார்கிட்டயும் இருக்குப்பா. உதயசூரியன்கிட்ட நம்மளதை விடப் பெருசா இருக்கு. அலை வந்த அன்னிக்குத் துறைமுக ஜெட்டியிலயே நின்னுருக்கான்.” அது உண்மைதான். சுனாமிக்குப் பிறகு இந்தத் தீவுகளில் கேமரா முன்னால் அழாத குடும்பம் ஏது? அப்போது கச்சால் தீவிலிருந்த தாங்கள் நிவாரணத் தகரக் கொட்டகையிலிருந்து வெளியே வருவதை டெல்லி டிவிக்காரர்கள் திரும்பத் திரும்ப எடுத்துவிட்டு, “கொஞ்சம் சோகமா வாங்க” என்றபோது, “பசிக்குது தம்பி, சாப்பிட்டுட்டு வந்து சோகமா வரேன்” என்று தாங்கள் சொன்னீர்களே! அதை நான் இங்கே பலரிடம் சொல்லியிருக்கிறேன். தங்கள் பெயரோடுதான் சொன்னேன் என்பதைக் கவனிக்கவும்.

அப்போது சொக்கலிங்கம் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, “நாகலிங்கம்கிட்ட கேக்கலாம்னா, பாவம், அவருக்கு எல்லாம் புஸ்தக அனுபவம். வாழ்க்கை அனுபவம் எங்க இருக்கு?” என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று தங்களுக்குத் தெரியும். கோழியைச் சொல்லிவிட்டேன். தலைமன்னார் தொடங்கி முட்டை வரைக்கும், ஒன்றுவிடாமல்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் புனரமைப்பில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். சொக்கலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நினைத்தேன், இத்தனை வருடத்துக்குப் பிறகு இவர்கள் என்னைப் புரிந்துகொண்டார்கள் என்று. அவர் என் தோளில் கை வைத்து, “தோழர், இது இனிமே உங்க சொந்த விஷயம் இல்ல. கட்சியோட சொத்து” என்றார். சுதாகர் பேனாவைத் திறந்து, “கோழி என்ன கலர் தோழர்?” என்று கேட்டார்.

மறுத்திருக்கலாமே என்பீர்கள். மறுத்தேன். கட்சிக் கட்டுப்பாடு என்றார்கள். பிறகு கதையைத் திருத்தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். அத்தான், எம்.ஏ. தேர்வில்கூட நான் அப்படிச் சித்திரவதைப்பட்டதில்லை. எங்கள் மாவட்டக் குழுவின் மூத்தவர் பிஸ்வாஸ் தாதா முதலில் எழுந்தார்.

“முர்கி நஹி, பத்தக். கோழி வேணாம், வாத்து. பெங்காலி ஓட்டு எத்தனை இருக்கு, மாலூம்? எங்க ஆளுங்க கிழக்கு வங்காளத்துலேர்ந்து வரும்போது வாத்துதான் கொண்டாந்தாங்க.”

“தாதா, வாத்தை முந்தானையில ஒளிக்க முடியாது. அது கழுத்தை நீட்டும்” என்றேன்.

“அரே, கழுத்தைப் பிடிச்சுக்கணும் பாய்!”

வாத்து ஒரு ஓட்டில் தோற்றது. ஆனால் தாதாவைச் சமாதானப்படுத்த, கோழிக்குக் கப்பலில் ஒரு வாத்து நண்பன் இருந்ததாகச் சேர்த்தார்கள். அடுத்து பிஸ்கட். சுங்க அதிகாரி அரசு இயந்திரத்தின் பிரதிநிதி. அவர் கையால் உழைக்கும் வர்க்கத்துச் சிறுவன் பிஸ்கட் வாங்கித் தின்பது சமரசப் போக்கு என்றார் சொக்கலிங்கம். சிறுவன் பிஸ்கட்டை மறுப்பதாக மாற்றப்பட்டது. “நான் மறுக்கல தோழர், இன்னொண்ணு கேட்டேன்” என்றேன். அது குறிப்பில் ஏறவில்லை. முட்டையை எனக்கு மட்டும் கொடுத்தது தனியுடைமை மனோபாவம். முகாமிலிருந்த அத்தனை பேரோடும் அம்மா பகிர்ந்துகொண்டாள் என்று எழுதச் சொன்னார்கள். ஒரு முட்டையை ஒரு முகாமுக்கு எப்படிப் பகிர்வது என்று கேட்டதற்கு, “அதுதான் தோழர் சோஷலிசம்” என்று பதில் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அம்மாவின் வாயில் கை வைத்தார்கள். “பொறந்ததிலேர்ந்தே இப்படித்தாங்க ஐயா” என்பது விதிவாதமாம். அதற்குப் பதில், “இந்த அமைப்புதான் என் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டது” என்று அம்மா சொல்ல வேண்டுமாம். எங்கள் அம்மா! ரேஷன் கடைக்காரனைத் தவிர வேறு எந்த அமைப்பையும் வாழ்நாளில் திட்டாதவள்.

கடைசியில் கண்ணீர். முட்டை வருமிடத்தில் ஒரு சொட்டு என்று தீர்மானம். கேமரா வலது பக்கம் இருப்பதால் வலது கண்ணிலிருந்து என்று முடிவானது. இரண்டு தோழர்கள் கொள்கை அடிப்படையில் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள்.

ஒத்திகை என் வீட்டில் நடந்தது. சுதாகர் கோழியைத் தட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். ரெங்கம்மாவிடம் ஒரு கோழியை இரவல் வாங்கி, அமிர்தவல்லி அவருக்கு முந்தானை பிடித்துக் காட்டினாள். கொக்கரிக்கவும் கற்றுக்கொடுத்தாள்.

“தொண்டையில இல்ல தம்பி, அடிவயித்துலேர்ந்து வரணும். கொக்… கொக்… கொக்கொக்கோ! ஆங், இப்ப வந்துச்சு பாருங்க. என்னங்க, தம்பி உங்களை விட நல்லாப் பண்றாரு.”

“அமிர்தம், இது என் அனுபவம்.”

“இருக்கட்டுங்க. யாரு இல்லேன்னது? சத்தம் அவருது நல்லா இருக்குன்னேன்.”

அது போகட்டும். ஒத்திகை நடக்க நடக்க சுதாகரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கோழியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக ஹார்பரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் திடீரென்று, “அம்மா அன்னிக்குப் பச்சைச் சேலை கட்டியிருந்தாங்க, இல்ல தோழர்?” என்றார்.

“யார் அம்மா? உங்க அம்மாவா, எங்க அம்மாவா?”

“அம்மா தோழர்” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம் எதனால் தெரியுமா? அம்மா அன்று கட்டியிருந்தது பச்சைச் சேலைதான். நான் அதை அவரிடம் சொல்லவே இல்லை. எனக்கே அது மறந்துபோயிருந்தது.

இரண்டாவது விவாதம் போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நேரலையாக நடந்தது. ஹார்டுவேர் கடை மாடியில் ஸ்டுடியோ. கீழே சிமெண்ட் மூட்டை இறக்கும் சத்தம். மேலே கட்சிக்காரர்கள் முப்பது பேர் பார்வையாளர்களாக. நான் இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டாவது வரிசை. நடத்தியவர் ஷோபனா என்ற பெண். நம் பிள்ளைகள் பேசுகிற மாதிரி பாதி இந்தி, பாதி தமிழ். பழையபடி அதே தண்ணீர்க் கேள்வி வந்தது. உதயசூரியன் தாளை எடுத்தார், லத்தீன் அமெரிக்காவைத் தொட்டார், உட்கார்ந்தார். சுதாகர் முறை. “தண்ணீர் என்றதும் எனக்குக் கடல் நினைவுக்கு வருகிறது” என்று ஆரம்பித்தார். அந்த வரி நான் எழுதியது. அதற்குப் பிறகு அவர் பேசியதில் கமிட்டி எழுதியது ஒரு வரி இல்லை. வாத்து நண்பன் இல்லை. அமைப்பு இல்லை. பிஸ்கட்டைத் தின்றார். இன்னொன்று கேட்டார். முட்டையைத் தனியாகவே சாப்பிட்டார், அக்கா பார்த்துக்கொண்டிருக்க! அப்படியே நான் சொன்னபடி, நடந்தது நடந்தபடி. கொக்கரித்தார் பாருங்கள், கீழே சிமெண்ட் இறக்குவதை நிறுத்திவிட்டார்கள். “பைதாயிஷி ஐஸா ஹை, சாஹப்” என்று அம்மா சொன்னதை இந்தியில் சொல்லும்போது இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது. வலது கண் தீர்மானத்தை முழுக்க மீறிவிட்டார்.

அத்தான், நியாயமாகச் சொல்கிறேன், நானும் அழுதேன். அழுதுகொண்டே ஆத்திரப்பட்டேன். கமிட்டி கெடுத்த கதையைச் சொல்லியிருந்தால், அது என் கதை இல்லை என்று ஆறுதல் அடைந்திருப்பேன். அந்த ஆள் உண்மையைச் சொல்லிவிட்டார். என் உண்மையை!

அதோடு முடிந்ததா? உதயசூரியன் எழுந்தார். கையிலிருந்த தாளைக் கசக்கி எறிந்தார். “தோழர் சுதாகர் என் நெஞ்சைத் தொட்டுட்டார். நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்தக் கப்பல்ல நானும் இருந்தேன்!” என்றார். இவருடைய அப்பா தஞ்சாவூரிலிருந்து பொதுப்பணித்துறை வேலைக்குச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மலிவான பங்க் படுக்கை டிக்கெட்டில் வந்து இறங்கியவர். “அந்தப் பையன் கொக்கரிச்சப்போ, பின்னால நின்னு நானும் கொக்கரிச்சேன். வர்க்க ஒற்றுமைன்னா என்னன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது” என்று சொல்லி, கேமராவைப் பார்த்துக் கொக்கரிக்கவும் செய்தார். புனரமைப்புக்காரர்கள் கைதட்டினார்கள்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. “நிறுத்துங்கள்! அது என் கோழி!” என்று எழுந்துவிட்டேன்.

கேமரா என் பக்கம் திரும்பியது. சொக்கலிங்கம் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். “உக்காருய்யா, லைவ் போகுது!” பிஸ்வாஸ் தாதா, “நாகலிங்கம் பாய், பாகல் ஹோ கயா க்யா? பைத்தியமா?” என்றார். ஷோபனாவுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது.

“அங்கிள், உங்க கோழின்னா எப்படி நம்பறது? அவங்க ரெண்டு பேரும் பண்ணிக் காட்டிட்டாங்க. ஆப் பீ கர்கே திகாயியே!”

“நான் எதற்கம்மா பண்ணிக் காட்ட வேண்டும்? எனக்கு நடந்தது.”

“நடந்திருந்தா வருமே அங்கிள்!”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? கொக்கரித்தேன். அம்மாவுக்காக, அத்தனை பேர் முன்னால், என் டியூஷன் பிள்ளைகள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்க, ராமேஸ்வரத்தில் கொக்கரித்த அதே கொக்கரிப்பைக் கொக்கரித்தேன். ஆனால், எம்.ஏ. படித்தவன் கொக்கரித்தால் அதில் ஒரு உச்சரிப்புச் சுத்தம் வந்துவிடுகிறது. நடுவில் எனக்கே அது தெரிந்தது. தெரிந்த பிறகு இன்னும் சுத்தமாகிவிட்டது.

மூன்று பேரில் யாருடையது நிஜம் என்று நேயர்கள் எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்று ஷோபனா அறிவித்தார். முதலிடம் சுதாகர். இரண்டாமிடம், கப்பலிலேயே இல்லாத உதயசூரியன். மூன்றாமிடம் நான். போனில் வந்த ஒரு நேயர் விளக்கமே கொடுத்தார்: “முதல் ஆளு நெஞ்சிலேர்ந்து பண்ணாரு. ரெண்டாவது ஆளும் பரவால்ல. மூணாவது ஆளு யாரோ எழுதிக் குடுத்ததைப் பண்ற மாதிரி இருந்துச்சு.”

வீட்டுக்கு வந்தேன். அமிர்தவல்லி எனக்குச் சுக்குக் காப்பி போட்டு வைத்திருந்தாள். அந்தக் கரிசனத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது.

“நீ யாருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினாய்?”

“எதுக்குங்க அதெல்லாம் இப்ப?”

“அமிர்தம்!”

“உங்களுது இருமல் மாதிரி இருந்துச்சுங்க. நான் என்ன பண்றது, பொய் சொல்லச் சொல்றீங்களா?”

இப்போது மரைன் ஹில்லில் சுதாகரைக் கண்டால் குழந்தைகள் அன்போடு கொக்கரிக்கின்றன. அவர் நின்று பதிலுக்குக் கொக்கரிக்கிறார். என்னைக் கண்டாலும் கொக்கரிக்கின்றன. அதில் அன்பு இல்லை. காய்கறிக் கடையில் நான் கோழிக் கதையை எடுத்தால், “அது சுதாகர் சாரோடது இல்ல?” என்கிறார்கள். சுதாகரின் தாயார் உயிரோடு, ஏ.சி. அறையில் இருக்கிறார், அந்த அம்மாள் வேறு எனக்குப் போன் செய்து, “என் வயித்துல பொறந்தவன் யார் வீட்டுக் கோழிக்கு அழுறான்? நான் எப்பய்யா எதை ஒளிச்சேன்?” என்று என்னையே திட்டினார். கமிட்டியோ, நேரலையில் கட்டுப்பாட்டை மீறியதற்காக நான் சுயவிமர்சனம் எழுதித் தர வேண்டும் என்கிறது. சுதாகர் மீறியதைத் தன்னெழுச்சி என்று பாராட்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சிகரமாக நேற்று சொக்கலிங்கமே வந்து, கட்சி அலுவலகத்தில் மாட்ட அம்மாவின் படத்தைக் கேட்டார். கீழே “தோழர் சுதாகரின் கதைத் தாய்” என்று எழுதுவார்களாம்.

“சொக்கலிங்கம், அது எங்க அம்மா.”

“யாருய்யா இல்லேன்னா? பெருந்தன்மையா இருங்க. அம்மாங்க எல்லாருக்கும் பொதுதானே.”

படத்தைக் கொடுக்கவில்லை. அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

ஆகவே அத்தான், தங்களிடமும் அக்காவிடமும் கேட்பது ஒன்றே ஒன்று. கொக்கரித்தது யார் என்பதற்கு உலகத்தில் இப்போது மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அக்காதான். அவள் தன் கைப்பட, “கொக்கரித்தது என் தம்பி நாகலிங்கம், பிஸ்கட்டைத் தின்றதும் அவனே, முட்டையையும் எனக்குத் தராமல் தின்றவன் அவனே” என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். முட்டையைப் பற்றி எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதட்டும்; பொறாமை இருந்தால்தான் சாட்சிக்கு நம்பகம் வரும். அதைக் கேபிள் டிவிக்காரர்களிடம் கொடுத்து, அம்மாவை மீட்டுக்கொண்டு வருவேன். ஒரு மனிதனுக்கு நடந்தது அவனுக்கே சொந்தம். அதை இன்னொருவர் எடுத்துப் பேசுவது எந்தக் கொள்கையின் பெயராலும் திருட்டுதான். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ளப் போவதில்லை. வேண்டுமானால் கட்சியை விட்டு விலகி, அரசியலே வேண்டாம் என்று டியூஷனோடு நின்றுகொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், படிக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாக. தங்கள் பாக்குத் தோட்டம் காய்த்துக் குலுங்கட்டும், மழை அளவோடு பெய்யட்டும், ரங்கத் பஸ் நேரத்துக்கு வரட்டும். தைலம் கிடைத்ததா என்று தெரிவிக்கவும்.

தங்கள் அன்பு மறவாத மைத்துனன்,
நாகலிங்கம், எம்.ஏ.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உதயசூரியன் வீட்டுக்கு வந்தார். நாம் நினைப்பதுபோல் மோசமான மனிதர் இல்லை. “மூணு பேர்ல நிஜமா இருந்தது நீங்க ஒருத்தர்தான் அண்ணே, மக்களுக்குத்தான் அது புரியல” என்றார். கடைசி விவாதத்தில் புனரமைப்பின் சார்பில் வேட்பாளருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. மைக்கில் பெயரும் போடுவார்கள். ஒப்புக்கொண்டேன். ஆகவே அக்காவின் சாட்சி வேண்டாம். கோழி அவர்களிடமே இருக்கட்டும், அது பழசாகிவிட்டது. நெஞ்சிலிருந்து பேசுவதற்குப் புதிதாக ஒன்று தேவைப்பட்டதால், கச்சால் ஸ்டிரைக்கில் செங்கொடி கட்ட ரப்பர் ஃபேக்டரிக் கூரைமேல் ஏறி, தகரத்தோடு ரப்பர் ஷீட் அடுக்கின்மேல் தாங்கள் விழுந்ததை, நான் விழுந்ததாக உதயசூரியனிடம் சொல்லிவிட்டேன். அவர் அழுதுவிட்டார். எனவே தாங்கள் இனிமேல் அதை ரங்கத்தில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அப்போது தங்கள் காலில் விழுந்த தழும்பைப் பற்றி யாராவது கேட்டால், நாய் கடித்தது என்று சொல்லிவிடுங்கள்.